வாயிலில் வசூலாகாத மதிப்பு

கேள்வி: பார்வையாளர்களை வரவேற்கும் பண்ணைகளுக்குப் 'பொழுதுபோக்கு மதிப்பு' என்று தனியே ஒன்று உண்டு எனப் பொருளியலாளர்கள் கூறுகின்றனர். நுழைவுக் கட்டணமாக வசூலாகும் தொகையே அந்த மதிப்பாகாதா?

பதில்: ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதிலிருந்தே இத்துறையின் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. ஒரு குடும்பம் விடுமுறை நாளில் ஒரு பண்ணைக்குச் சென்று, பால் கறப்பதைப் பார்த்து, மரத்திலிருந்து தன் கையாலேயே பழம் பறித்து, மாலையில் வீடு திரும்புகிறது எனக் கொண்டால், அந்த ஒரு நாளுக்காக அக்குடும்பம் அதிக அளவாக எவ்வளவு கொடுக்க மனம் ஒப்பியிருக்குமோ அத்தொகையிலிருந்து உண்மையில் ஆன செலவைக் கழித்தால் எஞ்சுவதே அந்தப் பயணத்தால் அதற்குக் கிடைத்த ஆதாயமாகும். பொருளியல் இதனை 'நுகர்வோர் உபரி' என்று அழைக்கிறது. 1844இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் தூப்புயி, பாலம் போன்ற பொதுப்பணிகளின் பயனை அவற்றில் வசூலாகும் சுங்கத்தைக் கொண்டு அளப்பது தவறு என்று காட்டியபோதே இக்கருத்தின் அடித்தளம் இடப்பட்டுவிட்டது. சுங்கம் வாங்காத பாலத்தின் வருமானம் சுழியம். ஆனால் நாள்தோறும் அதைக் கடந்து செல்வோர் பெறும் பயன் சுழியம் அன்று. வாயிலில் கட்டணமே வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளை உள்ளே விடும் உழவரின் நிலமும் அத்தகைய பாலமே.

அரசுக் கணக்கெடுப்புகளில் பதிவாவது பெரும்பாலும் வாயில் வசூல்தான். அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் வேளாண் கணக்கெடுப்பின்படி, 2017இல் பண்ணைச் சுற்றுலாவாலும் அதனைச் சார்ந்த பொழுதுபோக்குச் சேவைகளாலும் வருமானம் ஈட்டிய பண்ணைகள் 28,575, அவ்வருமானம் 94.9 கோடி டாலர். 2022இல் பண்ணைகளின் எண்ணிக்கை 28,617 என்று ஏறக்குறைய அப்படியே இருக்க, வருமானம் 126 கோடி டாலரைத் தொட்டது. இவை உழவர் கைக்கு வந்த பணத்தைச் சொல்லும் எண்கள். வந்து சென்றவர்கள் மனநிறைவாகக் கொண்டுசென்றது இவற்றில் இல்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பார்வையாளர்கள் எரிபொருளுக்கும் வழியில் உணவுக்கும் செலவிட்டதையெல்லாம் கூட்டி, அதுவே பண்ணையின் மதிப்பு என்று அறிக்கைகள் எழுதப்படுகின்றன. செலவு என்பது பயனைப் பெறக் கொடுத்த விலையேயன்றிப் பயன் அன்று. அந்தப் பணம் வட்டாரக் கடைகளுக்கு எவ்வளவு வருமானம் தந்தது என்பது வேறொரு கேள்வி. அதற்கான விடையை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது.

கேள்வி: சந்தையில் விலைச்சீட்டு இல்லாத ஒன்றின் மதிப்பை எப்படிக் கணக்கிட முடியும்?

பதில்: இதற்கு மிகுதியாகக் கையாளப்படுவது 'பயணச் செலவு முறை' ஆகும். 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணியகம், பூங்காக்களின் பொருளியல் பயனை எவ்வாறு அளக்கலாம் என்று வல்லுநர்களிடம் கேட்டபோது, ஹரால்ட் ஹோட்டெல்லிங் எழுதிய ஒரு கடிதத்தில் இதன் கரு இருந்தது. பூங்காவை மையமாக வைத்து ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக விரியும் வட்டங்களை வரைந்து, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் வருவோருக்கு ஆகும் பயணச் செலவையும், அவ்வட்டத்தின் மக்கள்தொகையில் வருவோரின் விகிதத்தையும் ஒப்பிட்டால், விலை ஏற ஏறத் தேவை எவ்வாறு குறைகிறது என்பது தானே வெளிப்படும் என்பது அவர் கருத்து. தொலைவே இங்கு விலையாக நிற்கிறது. அக்கடிதம் உடனடியாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1959இல் மேரியன் கிளாசன் இதனை உண்மையான பூங்காத் தரவுகளில் செயல்படுத்திக் காட்டிய பின்னரே முறை வேரூன்றியது.

கணக்கின் போக்கை உணர்வதற்கு, விளக்கத்துக்காக மட்டும் வைத்துக்கொண்ட சில எண்கள் போதும். நுழைவுக் கட்டணம் 50 ரூபாயாக உள்ள ஒரு பண்ணையைச் சுற்றி நான்கு வட்டங்கள் இருப்பதாகக் கொள்ளலாம். கட்டணமும் சேர்த்து ஒருவருக்கு ஆகும் பயணச் செலவு முதல் வட்டத்தில் 100 ரூபாய், அடுத்தடுத்த வட்டங்களில் முறையே 200, 300, 400 ரூபாய். மக்கள்தொகை முறையே 50,000, ஒரு லட்சம், இரண்டு லட்சம், நான்கு லட்சம். ஆண்டு வருகைகள் முறையே 5,000, 7,500, 10,000, 10,000. வருகைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்குத் தொலைவு கூடினால் வருகையும் கூடுகிறது என்ற பொய்த் தோற்றம் கிடைக்கும். மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால்தான் ஆயிரம் பேருக்கு 100, 75, 50, 25 என்று சீராக இறங்குவது தெரியவரும். செலவு 100 ரூபாய் கூடும்போதெல்லாம் ஆயிரத்துக்கு 25 வருகைகள் குறைகின்றன. 500 ரூபாய் ஆகும் இடத்தில் யாரும் வருவதில்லை. இந்த இறக்கமே 'தேவைக் கோடு'. வருவோர் செலுத்தும் செலவுக்கு மேலே, இக்கோட்டின் கீழே அடங்கும் முக்கோணப் பரப்பே உபரி. முதல் வட்டத்தினர்க்கு ஒரு வருகைக்கு உபரி சராசரியாக 200 ரூபாய், இரண்டாம் வட்டத்தினர்க்கு 150, பின்னர் 100, 50. வருகைகளால் பெருக்கிக் கூட்டினால் ஆண்டுக்கு 36,25,000 ரூபாய் வருகிறது. வாயிலில் வசூலானதோ 16,25,000 ரூபாய் மட்டுமே. உழவரின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத அந்த முப்பத்தாறே கால் லட்சம், அவர் நிலத்தைப் பண்ணையாக வைத்திருப்பதாலேயே ஊராருக்குக் கிடைக்கும் பயன் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேள்வி: அப்படியானால் கட்டணத்தை உயர்த்தி அந்த உபரியை உழவரே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: ஓரளவு எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் எடுக்கும்போதே ஒரு பகுதி யாருக்கும் இல்லாமல் அழிந்துபோகிறது. மேற்காட்டிய பண்ணையில் கட்டணம் 100 ரூபாயாக உயர்ந்தால், தொலைவில் உள்ள நான்காம் வட்டத்தினரின் வருகை பாதியாகக் குறைந்து, மொத்த வருகை 32,500இலிருந்து 23,125க்கு இறங்கும். வசூல் 23,12,500 ரூபாயாக உயர்வதால் உழவருக்கு 6,87,500 ரூபாய் கூடுதல். பார்வையாளர்களின் உபரியோ 22,34,375 ரூபாயாகச் சுருங்கி, 13,90,625 ரூபாய் குறைந்துவிடுகிறது. இவ்விரண்டின் வேறுபாடான ஏழு லட்சத்துச் சொச்சம், வராமல் நின்றுவிட்ட 9,375 வருகைகளோடு மறைந்துபோன பயன் ஆகும். கட்டணத்தை மேலும் உயர்த்தி 150 ஆக்கினால் நான்காம் வட்டத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார். வசூலும் 20,62,500 ரூபாயாகக் கீழிறங்கும். வருகை மிகுந்து பயிர் மிதிபடும் நிலையிலோ, வருவோருக்காக உழவர் வேலையாள் வைக்க நேரும் நிலையிலோ கட்டண உயர்வு நியாயமே. அங்கு ஒவ்வொரு கூடுதல் வருகைக்கும் ஓர் உண்மையான செலவு இருக்கிறது. இடம் தாராளமாக இருக்கும்போது கட்டணம் ஒன்றையே நம்பியிருப்பது சமூகத்துக்கு இழப்பு.

உழவர்கள் அஞ்சும் அளவுக்கு வருகை சரிந்துவிடுவதில்லை என்பதற்குக் கள ஆய்வில் சான்று உண்டு. அமெரிக்காவில் பண்ணைக்குச் செல்வோரின் தேவையைக் கார்லோஸ் கார்பியோ, மைக்கேல் வோல்கெனன்ட், துல்லாயா பூன்சேங் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், விலைசார் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாற்றத்துக்குத் தேவை எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதற்கான அளவு, −0.43 என்று கணக்கிடப்பட்டது. பயணத்தின் மொத்தச் செலவு பத்து விழுக்காடு ஏறினால் வருகை நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும் என்பது இதன் பொருள். கட்டணம் மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே ஆதலால், கட்டணத்தில் மட்டும் செய்யும் பத்து விழுக்காட்டு உயர்வின் விளைவு இதனினும் மெல்லியதாக இருக்கும்.

கேள்வி: பூங்காவுக்காக உருவான முறை பண்ணைக்கும் அப்படியே பொருந்துமா?

பதில்: அப்படியே பொருந்தாது. பண்ணை என்பது விளைபொருளும் விற்கப்படும் இடம் என்பதுதான் முதல் சிக்கல். நடைமுறையில் அதிகம் பிழை நேர்வதும் இங்கேதான். பழத்தைத் தாமே பறித்து எடைபோட்டு வாங்கிச் செல்லும் தோட்டத்தில், பழத்துக்குக் கொடுத்த பணத்தைப் பயணச் செலவோடு சேர்த்தால் பொழுதுபோக்கின் விலை போலியாக உயர்ந்துவிடும். சேர்க்காமலே விட்டாலும் பிழை நேரலாம். கடையில் கிலோ 150 ரூபாய்க்கு விற்கும் பழம் தோட்டத்தில் 100 ரூபாய்க்குக் கிடைத்தால், மிச்சமாகும் 50 ரூபாய் மலிவு விலையால் வந்த ஆதாயமேயன்றிப் பொழுதுபோக்கால் வந்தது அன்று; அதற்காகவே வருவோரின் பயணத்தைப் பண்ணையின் அழகுக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. மாறாக, அதே பழம் தோட்டத்தில் 200 ரூபாய்க்கு விற்று, அப்படியும் மக்கள் மகிழ்ந்து வாங்குகிறார்கள் என்றால், கடை விலைக்கு மேற்பட்ட 50 ரூபாய் வேறு பெயரில் வாங்கப்படும் நுழைவுக் கட்டணமே. அதைப் பயணச் செலவில் சேர்த்தாக வேண்டும். ஆகவே வினாப்படிவத்தில் எவ்வளவு வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற கேள்விகள் இல்லாத பண்ணை ஆய்வு அரைகுறையானது.

அடுத்தது நேரம். பயணத்தில் கழியும் நேரத்தை வேறொன்றுக்குச் செலவிட்டிருக்கலாம் என்பதால், அதற்கும் ஒரு 'வாய்ப்புச் செலவு' உண்டு. முழு ஊதியத்தையும் அந்நேரத்தின் விலையாகக் கொள்வது மிகையாகும். விடுமுறை நாளில் பெரும்பாலோர் வேலையை விட்டுவிட்டு வருவதில்லை. 1976இல் பிராங்க் செசாரியோ போக்குவரத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஊதியத்தின் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் இடைப்பட்ட அளவு ஏற்றது என்று காட்டினார். மூன்றில் ஒரு பங்கு என்பது பின்னர் வழக்காயிற்று. மணிக்கு 120 ரூபாய் ஈட்டும் ஒருவர் போக வர இரண்டு மணி நேரம் செலவிட்டால், இவ்வழக்கின்படி 80 ரூபாய் சேரும். முழு ஊதியத்தை எடுத்தால் 240 சேரும். ஒரே பண்ணைக்கு இரு ஆய்வாளர்கள் வெகுவாக மாறுபட்ட மதிப்புகளைத் தருவதற்கு இந்த ஒரு தேர்வே பலமுறை காரணமாகிறது என்பதால், எந்த அளவு எடுத்தாளப்பட்டது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்வது நேர்மை. பண்ணைக்குச் செல்லும் வழியே கண்ணுக்கு இனிமையாக அமைந்தால், அந்நேரம் செலவா வரவா என்ற ஐயமும் எழும்; அதற்கு முற்றான தீர்வு இல்லை.

வருவோரைப் பண்ணை வாயிலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பது எளிது என்பதால் பெரும்பாலான ஆய்வுகள் அவ்வாறே நடக்கின்றன. ஆனால் அதில் ஒரு சாய்வு ஒளிந்துள்ளது. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வருபவர் ஆய்வாளரின் கண்ணில் படும் வாய்ப்பு, ஒருமுறை மட்டும் வருபவரைப் போல் பன்னிரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, ஒருமுறையும் வராதவர் மாதிரியில் இடம்பெறுவதே இல்லை. வருகைகளின் எண்ணிக்கை முழு எண்ணாகவே இருக்கும் என்பதால் இத்தகைய தரவுகளுக்குப் 'பாய்சான் பரவல்' என்னும் புள்ளியியல் வடிவம் கையாளப்படுகிறது. 1988இல் டைஜி ஷா இச்சாய்வை ஆராய்ந்து, பாய்சான் வடிவில் ஒவ்வொருவரின் வருகை எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்துவிட்டு மதிப்பிட்டால் சாய்வு நீங்கும் என்று நிறுவினார். இவ்வளவு எளிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டுவிடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இவ்வடிவத்தில் ஒரு பயணத்தின் உபரியைக் கணிப்பதும் எளிது: பயணச் செலவின் கெழு, அதாவது செலவு ஒரு ரூபாய் கூடும்போது வருகை எந்த விகிதத்தில் குறைகிறது என்ற எண், 0.008 என்று வந்தால், ஒன்றை அதனால் வகுக்கக் கிடைக்கும் 125 ரூபாயே ஒரு பயணத்தின் உபரி.

உறவினர் வீட்டுக்குச் செல்லும் வழியில் பண்ணையில் இறங்குவோரின் முழுப் பயணச் செலவையும் பண்ணையின் கணக்கில் எழுதக் கூடாது. பண்ணைக்காகக் கூடுதலாகச் சுற்றிய தொலைவை மட்டும் எடுத்துக்கொள்வது பொருத்தம். இரவு தங்கும் பண்ணைகளுக்கோ பயணச் செலவு முறையைவிட அறை வாடகைகளை ஒப்பிடும் முறை ஏற்றது. இத்தாலியில் 1985ஆம் ஆண்டின் 730ஆம் எண் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2006ஆம் ஆண்டின் 96ஆம் எண் சட்டமும் 'அக்ரித்தூரிஸ்மோ' என்ற பண்ணைத் தங்கலை முறைப்படுத்தி, விருந்தோம்பல் உழவுத் தொழிலோடு இணைந்திருக்க வேண்டும், உழவே முதன்மையாக நிற்க வேண்டும் என்று வகுத்துள்ளன. அத்தகைய பண்ணைகளில் வசதியில் ஒத்த இரு அறைகளுள் ஒன்றின் சாளரம் திராட்சைத் தோட்டத்தை நோக்கியும் மற்றொன்றின் சாளரம் சாலையை நோக்கியும் இருந்து, வாடகையும் மாறுபட்டால், அந்த வேறுபாடே காட்சிக்கு விருந்தினர் தரும் விலை.

கேள்வி: இத்தனை சுற்றுவழி எதற்கு? எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பார்வையாளரிடமே கேட்டுவிடலாமே?

பதில்: கேட்கலாம், கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. 1963இல் ராபர்ட் டேவிஸ் தம் ஆய்வேட்டில் மெய்ன் மாநிலக் காடுகளுக்கு வருவோரை இவ்வாறு கேட்டு மதிப்பிட்டார். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டிஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவுக்குப் பின், இழப்பை மதிப்பிட இம்முறையை நம்பலாமா என்பது பெருஞ்சர்ச்சைக்கு உள்ளாகி, கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை ஏற்ற வல்லுநர் குழு 1993இல் நெறிகளை வகுத்தது. தொகையைச் சொல்லச் சொல்வதைவிட, ஒரு தொகையைக் குறிப்பிட்டு ஏற்பா மறுப்பா என்று மட்டும் கேட்பதே நம்பத்தக்கது என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே பண்ணை வாயிலில் 'எவ்வளவு தருவீர்கள்?' என்பதைவிட, 'இன்றைய பயணத்துக்கு இன்னும் 100 ரூபாய் கூடுதலாக ஆகியிருந்தால் வந்திருப்பீர்களா?' என்ற கேள்வி மேலானது. பயணச் செலவு முறை சொல்ல முடியாத ஒன்றையும் இம்முறை சொல்லும்: ஒருமுறையும் அங்கு செல்லாமல், அப்பண்ணை இருக்கிறது என்பதற்காகவே மகிழ்வோர் வைக்கும் 'இருப்பு மதிப்பு'.

கேள்வி: இறுதியில் கிடைக்கும் எண்ணால் உழவருக்கு என்ன பயன்?

பதில்: முன்னர்க் குறிப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு பண்ணைப் பயணத்தின் சராசரி உபரி 174.82 டாலர் என்றும், அதில் 33.50 டாலர் நாட்டுப்புற நிலக்காட்சியால் மட்டும் வந்தது என்றும் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கான இப்பகுதியே ஆழ்ந்து எண்ணத்தக்கது. பார்வையாளர் கட்டணம் செலுத்துவது ஒரு பண்ணைக்கு. கண் நிறையப் பார்ப்பதோ வழிநெடுக விரியும் வயல்களை. பார்வையாளரை உள்ளே விடாத, அவர்களிடமிருந்து ஒரு காசும் பெறாத பக்கத்து உழவரும் அந்த 33.50 டாலருக்குப் பங்களிக்கிறார். அவர் தம் நிலத்தை மனைகளாக்கி விற்றால், சுற்றுலாப் பண்ணையின் மதிப்பும் அதனோடு சரியும். சந்தை அவருக்கு எதுவும் தராத நிலையில், விற்காமல் இருக்கும்படி அவரிடம் கேட்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

இந்த நியாயக் குறைவை ஈடுசெய்யும் ஏற்பாடு ஒன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள சஃபோக் மாவட்டத்தில் 1974இல் உருவானது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதலாவது. நிலத்தின் உடைமை உழவரிடமே இருக்க, அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் மாவட்ட நிர்வாகம் விலைக்கு வாங்கிக்கொள்கிறது. மனையாக விற்றால் கிடைக்கும் விலைக்கும் உழவு நிலமாக விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடே அதற்குத் தரப்படும் தொகை. பொதுப்பணத்திலிருந்து இவ்வளவு கொடுக்கலாமா என்ற கேள்வி எழும்போது, தராசின் மறுதட்டில் வைக்க வேண்டிய பயன்களுள் ஒன்று பொழுதுபோக்கு மதிப்பு. மேலே எடுத்துக்கொண்ட பண்ணையின் ஆண்டு உபரியான 36,25,000 ரூபாய் என்றென்றும் தொடரும் எனக் கொண்டு, ஐந்து விழுக்காட்டு வட்டி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், ஏழே கால் கோடி ரூபாய் ஆகிறது. இந்த எண் இல்லாத கூட்டத்தில் மனை விலை ஒன்றே பேசும்.

இந்த எண்ணைக் கையாளும்போது ஒரு கவனம் தேவை. ஒரு பண்ணை மூடப்பட்டால் வருவோர் அருகிலுள்ள வேறொரு பண்ணைக்குச் செல்லக் கூடும் என்பதால், மாற்று இடங்கள் எங்கே உள்ளன, அவற்றுக்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; சேர்க்காவிட்டால் உபரி மிகையாகத் தோன்றும். ஆனால் மாற்றுகள் உள்ள வட்டாரத்தில் ஒவ்வொரு பண்ணையையும் தனித்தனியே மதிப்பிட்டு, ஒவ்வொன்றின் இழப்பும் சிறிதே என்று முடிவுசெய்து, ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால், முதல் பண்ணைக்குக் கணித்த சிறிய இழப்பு கடைசிப் பண்ணைக்குப் பொருந்தாது. ஆகவே பல பண்ணைகள் ஒருங்கே மனைகளாகக்கூடிய நிலை உள்ள இடத்தில், அவற்றை ஒரே தொகுதியாக வைத்து, அனைத்தும் மூடப்பட்டால் வருவோருக்கு நேரும் இழப்பு எவ்வளவு என்ற கேள்வியையே கணக்கின் தொடக்கமாகக் கொள்வது முறை.